ஏழாயிரத்து அறுநூறு சுற்று

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு விதிதான் உண்டு. நான் காயில் சுற்றும்போது யாரும் என்னோடு பேசக் கூடாது.

மலைமேல், வாசலூர்பட்டிக்குப் போகும் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். முன்னறையில் நான் தண்ணீர் மோட்டார்களுக்கும் ஃபேன்களுக்கும் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவேன். பின்னறையில் என் கணவர் எரிந்துபோன பழைய காயிலை உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து வெளியே எடுப்பார். கைப்பிடியால் சுற்றும் மெஷினில் எண் காட்டும் டப்பா ஒன்று இருக்கிறது. அது நூறு சுற்றுக்கு ஒன்றிரண்டு தாண்டிவிடும். அதனால் நான் வாய்க்குள்ளேயே எண்ணுகிறேன். நூறு ஆனதும் ஒரு மிளகை எடுத்துத் தட்டில் போடுவேன். முடிந்ததும் மிளகை எண்ணி, கம்பியின் கேஜ் என்கிற தடிமனையும் சுற்றையும் நோட்டில் எழுதுவேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். பகலில் அந்த நோட்டு, சாயங்காலம் என் டைரி.

யாராவது உள்ளே வந்து, "அக்கா, மோட்டார் ஆயிருச்சுங்களா?" என்று ஆரம்பித்தால், பின்னறையிலிருந்து ஓடிவந்து மறிப்பவர் அவர்தான்.

"அவ எண்ணிக்கிட்டிருக்கா. இப்பப் போயி ஊடு பத்தி எரியுதுன்னு சொன்னாக்கூட 'நாப்பத்தி மூணு'ன்னுதான் சொல்லுவா" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். மலைக்குக் கீழே சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கத்துக் கோயில் விசேஷங்களில் எட்டு வருடம் வாசித்தார். கிடார் குழு முதலாளியுடையது. குழு கலைந்தபோது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் வேலைக்கு வந்தார். கிடாரைப் பற்றி என்னிடம் பேசியது குறைவு. ஆனால் சோற்றுக்குக் காத்திருக்கும்போது இடது கை விரல்கள் தட்டின் விளிம்பில் தானாக இடம் மாறும். அதை நான் டைரியில் எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் அடிவாரத்தில், காரவள்ளியில், ஒரு மைக்செட் கடைக்காரரின் ஜெனரேட்டருக்கு காயில் கட்டிக் கொண்டுபோய் மாட்டினோம். வேலை முடிந்து கை கழுவும்போது அவருடைய குடோனில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால், ஆணியில் ஒரு கிடார் தொங்கியது. நடுவில் சிவப்பு, ஓரமெல்லாம் கறுத்துப்போன பழைய எலக்ட்ரிக் கிடார். என் கணவர் ஈரக் கையோடு அதன் முன்னால் போய் நின்றார்.

"இது எப்படிங்க உங்ககிட்ட வந்துச்சு?"

"அதுங்களா? பாட்டுக் குழு ஒண்ணு கலைஞ்சப்ப எங்கப்பா எடுத்துப் போட்டது. கல்கத்தாவுல செஞ்சதாம். நான் இதுவரைக்கும் அதை வெச்சு எலிதான் அடிச்சிருக்கறேன்."

என் கணவர் அதன் தலைப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மூலையில் நகத்தளவு மரம் பெயர்ந்திருந்தது.

"இது நான் ஒடைச்சது. மேடையில டிரம்ஸ் சிம்பல் ஸ்டாண்டுல இடிச்சுட்டேன். மொதலாளி மூணு நாள் எங்கூடப் பேசல."

"அட, அந்தக் குத்தவாளி நீங்கதானுங்களா!" என்று கடைக்காரர் சிரித்தார்.

ஜெனரேட்டர் வேலைக்குக் கூலி வேண்டாம், இந்தக் கிடாரைக் கொடுங்கள் என்று கேட்டது நான்தான். என் கணவர் கேட்டிருக்க மாட்டார். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் நிற்க வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாமா, அந்த அக்காவுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்று கண்டக்டர் கிடாரைக் காட்டிச் சொன்னார். வளைவுகள் முடியும்வரை பஸ்ஸே சிரித்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். அன்றைய டைரியில் அந்தச் சிரிப்புக்கு இரண்டு வரி இருக்கிறது.

எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தம், அதைச் சுற்றி மயிரை விட மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே கம்பி அதிர்ந்தால் கீழே காயிலில் கரண்ட் பிறக்கும், அது ஸ்பீக்கருக்குப் போகும். இந்தக் கிடாரில் இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கம் இருந்தது மங்கலாக வேலை செய்தது. கீழே கம்பிகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் இருந்தது செத்துப்போயிருந்தது. மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே கம்பி பச்சை பூத்து நாலைந்து இடத்தில் அறுந்திருந்தது.

"இதை நான் கட்டித் தாரேனுங்க" என்றேன்.

"இது மோட்டார் இல்ல புள்ள."

"காயில்தானுங்களே?"

சேலத்தில் ஒரு கடையிலிருந்து நாற்பத்தாறாம் கேஜ் கம்பி வரவழைத்தோம். வெளிச்சத்தில் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். மூச்சு விட்டால் அறுந்துவிடும். இரண்டு முறை அறுத்தேன். மூன்றாவது முறை வாசல் கதவைச் சாத்தி, அவரைக் காவலுக்கு நிறுத்தி, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் மீட்டர் அளவுக்குச் சரியாக வரும்வரை சுற்றினேன். தட்டில் எழுபத்தாறு மிளகு. ஏழாயிரத்து அறுநூறு சுற்று.

அவர் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மைக்செட் கடைக்காரர் கூடவே கொடுத்திருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டினார். சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் முதல் கம்பியை மட்டும் திரும்பத் திரும்ப மீட்டினார். எல்லாவற்றையும்விட மெல்லியது அதுதான். மேலே போகப் போக கணீரென்று ஒலிக்க வேண்டியது. அவர் முகம் சுருங்கியது.

"சத்தம் இருக்குது. வெளிச்சம் இல்ல."

"அப்படின்னா?"

"ஈரச் சாக்குக்குள்ள வெச்சு வாசிக்கற மாதிரி இருக்குது. இந்தக் கிடார் இப்படி இருக்காது. மணியடிச்ச மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்."

நோட்டில் புதிதாக ஒரு பக்கம் எடுத்துக் கோடு போட்டேன். முதல் பத்தியில் சுற்று. இரண்டாவதில் மீட்டர் அளவு. மூன்றாவதில் அவர் சொன்னது. அந்த மூன்றாவது பத்தியில்தான் தப்பு செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

மோட்டார் கட்டுகிறவளின் புத்தியில் முதலில் தோன்றியது, பலம் போதவில்லை, சுற்றைக் கூட்டு என்பதுதான். எட்டாயிரத்து நானூறு சுற்றினேன். "இன்னும் மூடிப்போச்சு" என்றார். அது உண்மை. என் காதுக்கும் மூடித்தான் போயிருந்தது. சுற்று கூடினால் சத்தம் கூடும், கூர்மை குறையும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது சரியாக இருந்ததால் அவருடைய காதின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை கல்லாக உறைந்துவிட்டது.

பிறகு குறைக்க ஆரம்பித்தேன். ஏழாயிரம். "பரவால்ல. ஆனா இல்ல." ஆறாயிரத்து நானூறு. "இல்ல புள்ள." புதுக் காந்தம் வரவழைத்து, அதன் மேல் இன்னொரு தடவை கட்டினேன். "காந்தத்துல இல்ல போல." ஐயாயிரத்து அறுநூறு. பிக்கப்பைத் தாங்கும் திருகுகளைச் சுற்றி, கம்பியைத் தொடுகிற அளவுக்கு உயர்த்தினோம். அவர் பெட்டியின் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு தலையை ஆட்டுவார்.

நாலாவதாகக் கட்டியதிலிருந்தே அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் சுரண்டுவதுபோல இருந்தது. ஆனால் அதை நான் எழுதவில்லை. நோட்டில் அதற்குப் பத்தி இல்லை. அவர் பாட்டுக்காரர், நான் காயில் கட்டுகிறவள், எனக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் எதற்கு என்று நினைத்தேன். ஆறு தடவை கட்டியும் சரியாகவில்லை என்றால் என் கையில்தான் ஏதோ குறை என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள், எங்கள் மலையிலேயே இருக்கும் பைல் நாட்டிலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒரு அம்மா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர், பல வருடப் பழக்கம். பின்னறையில் என் கணவர் ஆறாவதாகக் கட்டியதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முதலில் முந்தானையால் ஒரு காதை மூடினார். பிறகு இன்னொன்றை.

"ஏன் கண்ணு, உங்க ஊட்டுக்காரரு என்னத்தப் போட்டு அறுக்கறாரு? ஊசிய எடுத்துக் காதுல சொருகற மாதிரி இருக்குது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லு சாமி."

"கிடாருங்க."

"பாட்டா அது!"

நான் எழுந்துபோய்க் கதவருகே நின்று சொன்னேன். "ஏனுங்க, சத்தம் குத்துதாம்." அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். திரும்பினார். "எது? குத்துதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "குத்துனாத்தான் நான் விட்டுருப்பனே. குத்தமாட்டேங்குதுன்னுதான இத்தன பாடு."

முன்னறைக்கு வந்தபோது அந்த அம்மா இன்னும் இரண்டு காதையும் மூடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது. பலா மரங்களில் சில்வண்டுகள் ஒரே மூச்சாகக் கத்திக்கொண்டிருந்தன. அந்தப் பருவத்தில் எங்கள் மலையில் அவை ஆரம்பித்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. நான் நின்றேன்.

"சில்வண்டு கத்துதுங்களா?"

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "எங்க கத்துது? மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாம் செத்துப்போச்சு. போன வருஷமே இல்லையே."

போன வருடமும் அவர் அதைச் சொன்னார். "சில்வண்டு அருகிவிட்டது என்கிறார்" என்று டைரியில் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. அதையும் அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். என் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்ததை நான் எழுதவில்லை.

"அதாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீடு வரும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

நாமக்கல்லில் காது மருத்துவரிடம் போக அவரைச் சம்மதிக்க வைக்க ஒன்பது நாள் ஆயிற்று. "காதுல அழுக்கு அடைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்தேன். முதலில் அடிக்கடி தூக்கினார். பிறகு வெகுநேரம் கை மடியிலேயே கிடந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மருத்துவர் கட்டம் போட்ட தாளில் கோட்டைக் காட்டினார். இடது பக்கம் மேலே ஓடி, பாதியில் மலைச்சரிவுபோல இறங்கிவிட்டது. தடித்த சத்தங்கள் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் கேட்காது, போனது திரும்பாது என்றார். காது மெஷின் வைத்தால் பேச்சு தெளியும். பாட்டு பழைய மாதிரி இருக்குமா என்று நான் கேட்டதற்கு, "அதை எதிர்பார்க்காதீங்கம்மா" என்றார்.

"என்ன வேலை?"

"மோட்டார் பட்டறைங்க. முன்னால மேடையில ஸ்பீக்கர் பக்கத்துல எட்டு வருஷம்" என்றேன்.

"பட்டறையில அடிக்கிற வேலை உண்டா? திறந்த இடத்திலா, மூடின அறையிலா?"

"மூடின அறை" என்று என் கணவர் சொன்னார்.

மூடின அறை எதற்கு என்று மருத்துவருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் வாசலில் வேப்ப மரத்தடியில்தான் சுத்தியல் வேலை செய்தார். அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை தவறுகிறது என்று நான்தான் சொன்னேன். மறு வாரமே பின்னறையைத் தகரத்தால் அடைத்து, கதவு போட்டு, உள்ளே போய்விட்டார். இருபத்திரண்டு வருடம் அந்தத் தகரத்துக்குள் இரும்பை அடித்தார், வெளியே நான் அமைதியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ் பாதி மலை ஏறியதும் அவர் கேட்டார்.

"அப்ப பிக்கப்புல தப்பு இல்லையா?"

"இல்லீங்க."

"ஆறு தடவ கட்டுனயே. எது நல்லா இருந்துச்சு?"

"மொதல்ல கட்டுனதுங்க."

"மொதல்லயேவா?" என்று திரும்பினார். "அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பாட்டுக்காரருங்க. நான் மோட்டாரு கட்டறவ."

"மோட்டாரு கட்டறவளுக்குக் காது இருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கழித்து, என் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். "மறுபடியும் அதையே கட்டு. நோட்டுல இருக்குதல்ல?"

நோட்டில் இருந்தது. பழைய காந்தத்தையே வைத்து, ஏழாயிரத்து அறுநூறு சுற்றினேன். மெழுகுவர்த்தியை உருக்கி அதில் முக்கி எடுத்தேன், கம்பி உள்ளே ஆடாமல் இருக்க. திருகுகளை நாலரைச் சுற்று இறக்கினேன். நோட்டில் நாலாவதாக ஒரு பத்தி போட்டு "என் காது" என்று எழுதினேன்.

அவர் வாசித்தார். அது மணியடித்ததுபோல இருந்தது. அந்தக் கிடார் எப்படி இருக்கும் என்று அவர் சொன்னாரோ அப்படியே இருந்தது. முதல் கம்பியில் விரல் மேலே போகப் போக, அவருக்கு மரத்தில் தட்டுகிற ஓசை மட்டும்தான் வருகிறதாம். அங்கே வந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாது புள்ள. பாத்துக்க."

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் வாசித்தார். கம்பியைச் சுருதி சேர்க்க போனில் ஒரு செயலி வைத்துக்கொண்டார். முள் நடுவில் நின்றால் சரி. காது மெஷினைப் பேசுவதற்கு மட்டும் போடுவார். கிடாருக்கு வைத்தால் தகர டப்பாவில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிடுவார்.

ஆனியில் பனிமூட்டம் இறங்கிய ஒரு நாள், வாசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் கம்பி கொஞ்சம் இறங்கிவிட்டது. ஈரத்துக்கு அப்படி ஆகும். அந்த இரண்டு மாதத்தில் அது என் காதுக்குத் தெரிகிற அளவுக்கு நான் கேட்டிருந்தேன். அவர் வெகுநாள் கழித்து ஒரு பழைய பாட்டை முழுதாக வாசித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. முடித்ததும் கண்ணைத் திறந்து, "வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க" என்றேன்.

அவர் சந்தோஷமாகப் போனை எடுத்து, எதற்கோ ஒரு தரம் முதல் கம்பியை மீட்டினார். முள் நடுவுக்கு வெகுதூரம் இடது பக்கத்தில் போய் நின்றது. முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியை முறுக்கி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். கிடாரைச் சுவரில் மாட்டினார்.

அன்று "என் காது" பத்தியில் நான் "சரி" என்று எழுதியிருக்கிறேன். என் நோட்டுகளில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவர் "வந்துச்சா" என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்தி முள்ளைப் பார்ப்பார். பாட்டு எதுவும் முழுதாக வரவில்லை. நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போனேன். "நீ எண்ணு, எண்ணு. எண்ணிக்க தவறிரும்" என்றார்.

பன்னிரண்டாவது நாள் மதியம் வேலை இல்லாமல் பின்னறையில் கிடாரை எடுத்தார். போன் சார்ஜில் போட்டபடி முன்னறையில் என் அருகே கிடந்தது. நான் ஒரு ஃபேனுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். தட்டில் இரண்டு மிளகு விழுந்திருந்தது. உள்ளேயிருந்து பாட்டு வந்தது. நடுவில் முதல் கம்பி இறங்கியது. இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினேழு. அவருக்குத் தெரியாது. வாசித்துக்கொண்டே போனார். இருநூற்றுப் பதினெட்டு.

நான் கைப்பிடியை விட்டேன். கம்பி தளர்ந்து சுருண்டது. எழுந்துபோய், தகரக் கதவைத் திறந்து, அவர் தோளைத் தொட்டேன்.

"மொதக் கம்பி எறங்கியிருக்குதுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு கதவு வழியாக, முன்னறையில் அவிழ்ந்து கிடந்த காயிலைப் பார்த்தார்.

"எத்தனையில விட்ட?"

"எரநூத்திப் பதினெட்டுங்க."

அவர் கிடாரை மடியில் நிமிர்த்தினார். பிறகு முறுக்காணியைப் பிடித்து, கம்பியை மீட்டி, மெதுவாகத் திருகினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சமுங்க."

"இப்ப?"

"இன்னும்."

அவருக்குச் சரியாகக் கேட்காத அந்தக் கம்பி எனக்குள் ஏறிக்கொண்டே போனது. சரியான இடத்துக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நான் முன்னறைக்கு வந்து, சிக்கலைப் பிரித்து, தட்டிலிருந்த இரண்டு மிளகையும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். கதவைச் சாத்தவில்லை. ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.